ஒரே அணியில் ஆடட்டும்

2023 ஆகஸ்ட் 9 இரவு, நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவர் ஒருவரை வீடு புகுந்து அரிவாளால் வெட்டியவர்கள் அவருடன் ஒரே பள்ளியில் படித்தவர்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. பட்டியல் சாதியைச் சேர்ந்த அந்த மாணவரை எடுபிடி வேலை செய்யச் சொல்லித் தொல்லை கொடுத்து வந்திருக்கிறார்கள். பள்ளிக்குப் போவதையே நிறுத்திவிட்ட அவர், ஆசிரியர்கள் காரணம் கேட்டபோது நடந்ததைச் சொன்னார். சொன்னதற்கான பழிவாங்கல் வீடு தேடி வந்தது.

அதற்கு முந்தைய ஆண்டுதான் அம்பாசமுத்திரம் அருகே பள்ளக்கால் பொதுக்குடி அரசுப் பள்ளியில், கையில் கட்டிய சாதிக் கயிறு தொடர்பாக மூண்ட தகராறில் 17 வயது மாணவர் தாக்கப்பட்டு இறந்தார். 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் அருகே தேர்வு எழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த பிளஸ் ஒன் மாணவரின் கைவிரல்கள் வெட்டப்பட்டன. கபடிப் போட்டியில் எழுந்த பகையே காரணம் என்று குடும்பத்தினர் புகார் கூறினர்.

இப்படி ஒன்று நடந்துவிட்டால் அடுத்து என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். பள்ளி மைதானத்தில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி உறுதிமொழி வாசிப்பார்கள். யாராவது ஓர் அதிகாரி வந்து நல்லிணக்கம் பற்றிப் பேசுவார். புகைப்படம் எடுப்பார்கள். தீண்டாமையைக் கண்டிக்கும் வாசகம் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் எத்தனையோ ஆண்டுகளாக அச்சாகி வருகிறது. அரிவாள் எடுத்தவர்களும் அந்தப் பாடநூல்களைப் படித்தவர்கள்தான். வெறும் போதனையால் பயனில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

கயிற்றுக்குத் தடை போடுவதும் எளிதாக நடந்துவிடவில்லை. வண்ணக் கயிறுகளைத் தடுக்கச் சொல்லி 2019இல் பள்ளிக் கல்வித் துறை சுற்றறிக்கை அனுப்பியது. எதிர்ப்பு கிளம்பியதும், அது தன் கவனத்துக்கு வராமல் போனது என்று துறை அமைச்சரே சொல்லிவிட்டார்.

நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் கே. சந்துருவின் ஒரு நபர் குழு, 2024 ஜூனில் 600 பக்கங்களுக்கும் மேற்பட்ட அறிக்கையை அளித்தது. பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குவது, கயிறு, பொட்டு போன்ற அடையாளங்களைத் தடுப்பது, ஆசிரியர்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை இடமாற்றம் செய்வது, ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை வாரம் ஒரு அறநெறிப் பாடவேளை, எல்லாச் சமூக மாணவர்களையும் கொண்ட சமூக நீதி மாணவர் படை எனப் பல பரிந்துரைகள் அதில் உண்டு. பலரும் கேலியாகக் கடந்துபோன ஒரு பரிந்துரையும் இருக்கிறது: மாணவர்களை அகரவரிசைப்படி உட்கார வைப்பது.

கேலி செய்தவர்கள் டெல்லியைப் பார்க்க வேண்டும். அங்கே 2007 முதல் தனியார் பள்ளிகளில் ஏழைக் குழந்தைகளுக்கு இடம் ஒதுக்கியபோது அதன் விளைவைப் பொருளியலாளர் கௌதம் ராவ் ஆராய்ந்தார். ஏழைப் பிள்ளைகளோடு படித்த வசதியான வீட்டுப் பிள்ளைகளிடம் தாராள குணம் கூடியது, பாகுபாடு குறைந்தது. சில பள்ளிகள் படிப்புக் குழுக்களைப் பெயரின் அகரவரிசைப்படி பிரித்திருந்தன. தற்செயலாக ஒரே குழுவில் சேர்ந்து வேலை செய்ததே மாற்றத்துக்குக் கணிசமான காரணம் என்பது அதிலிருந்து தெரிந்தது.

அப்படியானால் நாங்குநேரி மாணவரும் தாக்கியவர்களும் ஒரே பள்ளியில்தானே படித்தார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு கூரையின் கீழ் இருந்தாலும் ஒருவன் ஏவுபவனாகவும் இன்னொருவன் எடுபிடியாகவும் இருந்தால், அந்த நெருக்கம் ஊரின் அடுக்கை வகுப்பறைக்குள் கொண்டுவருவதோடு நின்றுவிடும். எப்படிச் சேர்க்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இதை உத்தரப் பிரதேசத்துக் கிராமங்களில் மேட் லோ என்ற ஆய்வாளர் கிரிக்கெட் மூலம் சோதித்தார். பல சாதிகளைச் சேர்ந்த 1,261 இளைஞர்கள் இந்த ஆய்வில் இடம்பெற்றனர். ஆடியவர்களில் சிலர் கலப்பு அணிகளில் இருந்தனர், சிலர் ஒரே சாதி அணிகளில். ஒரே அணியில் சேர்ந்து ஆடியவர்களிடையே சாதி தாண்டிய நட்பு பெருகியது, சொந்த சாதிக்காரனுக்குச் சலுகை காட்டுவது குறைந்தது. எதிரணியில் நின்று மோதியவர்களிடம் பிற சாதியினரோடு பழகுவது பொதுவாகக் குறைந்தது. மேலத்தெரு அணியும் கீழத்தெரு அணியும் மோதும் நம் ஊர்த் திருவிழாக் கபடியை நினைத்துப் பார்த்தால், ஸ்ரீவைகுண்டம் சம்பவம் அவ்வளவு வியப்பளிக்காது.

பிள்ளைகளை இப்படி ஒரே அணியில் சேர்ப்பதற்கான கருவி அரசின் கையிலேயே இருக்கிறது. 2024 நவம்பரில் அரசுப் பள்ளிகளில் தொடங்கப்பட்ட 'மகிழ் முற்றம்', மாணவர்களைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்து குழுக்களாகப் பிரித்து, அவற்றுக்கு மாணவத் தலைவர்களையும் பொறுப்பாசிரியர்களையும் நியமிக்கிறது. நல்ல திட்டம். ஆனால் பேட்ஜ் குத்திப் பதவியேற்பதோடு முடிந்துபோகிற ஆபத்தும் அதற்கு உண்டு. குழுப் பிரிப்பில் குலுக்கல் தவிர வேறு எதற்கும் இடம் இருக்கக் கூடாது. தலைமைப் பொறுப்பு நன்றாகப் படிப்பவர்களிடமும் செல்வாக்குள்ள வீட்டுப் பிள்ளைகளிடமும் தங்கிவிடாமல் சுழல வேண்டும். பள்ளித் தோட்டம், நூலகம், ஆண்டு விழா, விளையாட்டுப் போட்டி என உண்மையான வேலைகளை இந்தக் குழுக்களிடம் விட வேண்டும். பெருக்குவதும் தண்ணீர் பிடிப்பதும் எந்நாளும் ஒரே தெருப் பிள்ளைகளின் தலையில் விழுந்தால், குழுவின் பெயர் குறிஞ்சியாக இருந்தென்ன, முல்லையாக இருந்தென்ன?

பல பள்ளிகள் கிட்டத்தட்ட ஒரே சமூகத்துப் பிள்ளைகளால் நிரம்பியவை. அங்கே குலுக்கலால் மட்டும் கலப்பு வராது. வட்டார, மாவட்டப் போட்டிகளில் ஓரிரு பிரிவுகளையாவது பக்கத்துப் பள்ளிகளின் கூட்டணிகளுக்கு ஒதுக்கினால் அந்தக் குறை ஓரளவு தீரும்.

சந்துரு குழு சொன்ன, சீருடை அணிந்த சமூக நீதி மாணவர் படை என்ற யோசனையில் நமக்குத் தயக்கம் உண்டு. சாதிச் சீண்டலைக் கண்காணிக்கும் வேலையைப் பதினாறு வயதுப் பிள்ளைகளிடம் கொடுத்தால் அவர்கள் சக மாணவர்களின் பார்வையில் ஒற்றர்களாகிவிடுவார்கள். நாங்குநேரி மாணவர் வாய் திறந்ததற்கு என்ன விலை கொடுத்தார் என்பதை மறந்துவிடக் கூடாது. புகாரைப் பெறுவதும் புகார் சொன்னவரைக் காப்பதும் பெரியவர்களின் கடமை. ஆசிரியர் அறையிலேயே சாதிக்கொரு மேசை போட்டு உட்கார்ந்தால் எந்தக் குழுத் திட்டமும் தேறாது. எனவே இடமாற்றப் பரிந்துரையை, ஆசிரியர் சங்கங்கள் முணுமுணுத்தாலும், அரசு கைவிடக் கூடாது.

600 பக்க அறிக்கையில் எந்தெந்தப் பரிந்துரைகள் ஏற்கப்பட்டன, எவை தள்ளப்பட்டன, ஏன் என்பதைப் பள்ளிக் கல்வித் துறை ஒரு வெள்ளை அறிக்கையாகச் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். மகிழ் முற்றக் குழுக்கள் ஒவ்வொரு பள்ளியிலும் எப்படிப் பிரிக்கப்பட்டன, யார் தலைவர்களானார்கள், என்ன வேலை செய்தார்கள் என்ற ஆண்டுத் தணிக்கையை நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களிலிருந்து தொடங்கட்டும்.