உறக்கம் சோம்பலன்று

வகுப்பறையில் கண்ணயரும் மாணவரைச் சோம்பேறி என்று பழிப்பதும், இரவெல்லாம் விழித்துப் படிப்பவரைப் போற்றுவதும் நம்மிடையே வழக்கமாகிவிட்டன. உடலின் இயல்பை அறிந்தோர் இத்தீர்ப்பை ஏற்கமாட்டார்கள்.

நம் உடலுக்குள் ஒரு கடிகாரம் ஓயாது இயங்குகிறது. அதன் செயற்பாட்டைப் பழ ஈக்களின் மரபணுக்களில் ஆராய்ந்து விளக்கிய ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ரோஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவரும் 2017ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசைப் பெற்றனர். இருள் சூழும்போது மூளையிலுள்ள கூம்புச் சுரப்பி மெலடோனினைச் சுரந்து, உடலை உறக்கத்திற்கு ஆயத்தப்படுத்துகிறது. வளரிளம் பருவத்தில் இச்சுரப்பு தாமதமாகத் தொடங்குகிறது. ஆகவே, சிறுவயதில் ஒன்பது மணிக்கே உறங்கியவருக்குப் பதினாறு வயதில் பதினொரு மணிவரை உறக்கம் வாராதிருப்பது பிடிவாதமன்று, வளர்ச்சியின் விளைவு.

பதின்பருவத்தினருக்கு நாள்தோறும் 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை என்பது மருத்துவர்களின் பரிந்துரை. பதினொரு மணிக்கு உறங்கி, காலைச் சிறப்பு வகுப்பிற்காக ஐந்து மணிக்கு எழுபவர் பெறுவதோ 6 மணி நேரமே. ஐந்து நாள்களில் அவர் இழப்பது குறைந்தது 10 மணி நேரம். பகலில் கற்றவை நினைவில் நிலைபெற உறக்கம் துணைசெய்கிறது. அதனைக் குறைத்துப் படிப்பது, நீர் பாய்ச்சாத நிலத்தில் மேலும் மேலும் விதைப்பதற்கு ஒப்பாகும்.

அதிகாலையில் மனம் தெளிவாக இருக்கும் என்பர். உண்மைதான், ஆனால், போதிய அளவு உறங்கியவருக்கே அத்தெளிவு வாய்க்கும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம், உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30 மணிக்கு முன்னர்த் தொடங்குதல் கூடாது என 2014இல் பரிந்துரைத்தது. கலிபோர்னியா மாநிலம் 2022இல் பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகளில் இதனைச் சட்டத்தின்வழி நடைமுறைப்படுத்தியது. நம் பள்ளிகளும் காலைச் சிறப்பு வகுப்புகளின் நேரத்தை மறுஆய்வு செய்தல் வேண்டும்.

மாணவர்க்கும் இதில் பொறுப்புண்டு. இரவில் கைப்பேசியின் ஒளி மெலடோனின் சுரப்பைத் தள்ளிப்போடும். மாலைக்குப் பின் அருந்தும் காப்பியும் தேநீரும் உறக்கத்தைக் கலைக்கும். நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுந்து காலை வெயிலில் சிறிது நேரம் இருப்பது உடற்கடிகாரத்தைச் சீராக்கும்.

வாரத்தில் மூன்று இரவுகளேனும் உறக்கம் வாராமல், அந்நிலை மூன்று மாதங்கள் நீடித்தால் அது நாட்பட்ட தூக்கமின்மை எனப்படும். அதுவரை காத்திராமல் மருத்துவரை நாடுவதே நன்று. பலத்த குறட்டையும், உறக்கத்தின் இடையே மூச்சுத் தடைப்படுதலும் நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். நோய்க்கு மருத்துவமே தீர்வு, வசைமொழி தீர்வாகாது.

தேர்வுக்காக நேர அட்டவணை வகுப்போர், அதில் உறக்கத்திற்குரிய இடத்தை முதலில் குறித்துக்கொள்ளட்டும்.