மருந்துக்கு முன் தண்ணீர்

கொட்டியாரக் குடாவின் தென்கரையில், மூதூருக்கு அண்மையிலுள்ள கட்டைபறிச்சானிலிருந்து தாயார் ஒருவர் எழுதிய நீண்ட கடிதம் நமக்குக் கிடைத்துள்ளது. மகனின் பிறந்தநாளுக்கென இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டியொன்றும், இரண்டு தங்கமீன்களும் ஆறு கப்பி மீன்களும் வாங்கினாராம். வீட்டுக் கிணற்று நீரை நிரப்பி அன்றைக்கே மீன்களை விட்டிருக்கிறார். ஐந்தாம் நாள் மீன்கள் நீரின் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மூன்று இறந்தன. கடையில் நீலநிற மருந்து கொடுத்தார்கள். பத்தாம் நாள் எஞ்சியவற்றின் மேல் உப்பைத் தூவினாற்போல் வெண்புள்ளிகள் தோன்றின. வீட்டில் மீந்திருந்த தெத்திராசைக்கிளின் குளிசைக் கூடுகளை உடைத்துத் தூளை நீரிற் கொட்டினார். புள்ளிகள் மறைந்தன; மூன்று நாளில் முன்னிலும் மிகுதியாகத் திரும்பின. பின்னர் நீரை முழுவதும் இறைத்து, கற்களைக் கொதிநீரிற் கழுவிப் புதுநீர் விட்டார். இப்போது தங்கமீன்கள் இரண்டு மட்டுமே உயிருடன் உள்ளன. “அவையும் போய்விட்டால் பிள்ளைக்கு என்ன சொல்வேன்?” என்று கேட்கிறார்.

அம்மையாரின் கடிதத்தில் ஒரு சிறப்புண்டு. எது எந்த நாளில் நிகழ்ந்தது என்பதை வரிசை பிசகாமல் எழுதியிருக்கிறார். பேசத் தெரியாத உயிருக்கு மருத்துவம் செய்வோர்க்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. அவ்வரிசையைப் படித்த அளவிலேயே ஓருண்மை புலனாகிறது: தொட்டிக்கு வந்தது ஒரு நோயன்று, இரண்டு. முதலாவதைக் கிருமி என்று சொல்வதற்கில்லை. அது தண்ணீர்.

மீன் தன் கழிவின் பெரும்பகுதியை அமோனியாவாகச் செவுள் வழியே, நம்மவர் மீன்பூ என்று சொல்லும் அவ்வுறுப்பின் வழியே, வெளியேற்றுகிறது. குளத்திலும் களப்பிலும் அது பெருநீரிற் கரைந்து போகும். 60 சென்ரிமீற்றர் நீளமும் 30 அகலமும் 30 உயரமும் கொண்ட தொட்டி விளிம்புவரை நிரம்பினாலும் 54 லீற்றரே கொள்ளும். கற்களையும் மேல் இடைவெளியையும் கழித்தால் ஏறத்தாழ 45 லீற்றர் தேறும். அச்சிறு நீரில் எட்டு மீன்கள் உண்டு கழித்தால் அமோனியா நாள்தோறும் ஏறும். இயற்கை இதற்கு வழி வைத்திருக்கிறது. கற்களிலும் வடிகட்டியின் பஞ்சிலும் குடியேறும் ஒருவகைப் பற்றீரியாக்கள் அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றும். வேறொரு வகை அதனைத் தீங்கு குறைந்த நைத்திரேற்றாக மாற்றும். ஆயின் இவ்விரு குடிகளும் புதுத்தொட்டியில் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் செல்லும். ஐந்தாம் நாள் இறந்த மீன்கள் அவை வருமுன்னரே நஞ்சை விழுங்கியவை எனலாம். நீர் சூடேறினாலும் காரத்தன்மை மிகுந்தாலும் அமோனியாவின் நஞ்சு பன்மடங்காகும் என்பதையும், நம் கீழ்க்கரையில் வாழ்வோர் கருத்திற் கொள்ளவேண்டும்.

அவ்வாறு அரிதில் குடியேறத் தொடங்கிய பற்றீரியாக்களையே பின்னர் மருந்தும் கொதிநீரும் அழித்தன. நீல மருந்து அவற்றைத் தாக்கும். கொதிநீரோ எதையும் மிச்சம் வைக்காது. தொட்டி மீண்டும் முதல் நாளுக்குப் போய்விட்டது. தெத்திராசைக்கிளின் கதை இன்னும் வேடிக்கை. வெண்புள்ளிக்குக் காரணம் பற்றீரியா அன்று. ஆகவே அம்மருந்துக்கு அங்கே வேலையே இல்லை. அன்றியும் கல்சியம் மிகுந்த வன்னீரில் அது கல்சியத்துடன் பிணைந்து வலுவிழந்துவிடும். மனிதர்க்கு வைத்தியர் அளந்து கொடுக்கும் மருந்தை இப்படி நீரிற் கொட்டுவதால், அதற்கு அடங்காத கிருமிகள் பெருக இடமுண்டாகும். மருந்தாகாமற் போனதோடு கேடும் ஆயிற்று.

அங்ஙனமாயின் புள்ளிகள் மறைந்ததேன்? இங்கேதான் வெண்புள்ளி நோயின் சூழ்ச்சி இருக்கிறது. இக்தியோத்தீரியசு என்னும் ஓரணு ஒட்டுண்ணி மீனின் தோலுக்கு அடியில் புகுந்து உண்டு கொழுக்கிறது. நாம் காணும் புள்ளி அதுவே. தோலுக்குள் இருக்கும்வரை எம்மருந்தும் அதனைத் தொடாது. முற்றியதும் தானாகவே வெளியேறி, அடியிலுள்ள கல்லில் ஒட்டிக் கூடு கட்டி, உள்ளே நூற்றுக்கணக்கில் பிரிகிறது. பிரிந்த குஞ்சுகள் நீந்தி வந்து, இரண்டொரு நாளுக்குள் மீனொன்றைப் பற்றாவிடில் மடியும். நம் நாட்டு வெப்பத்தில் இச்சுற்று முழுவதும் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். குளிர்நாட்டு நீரில் ஒரு மாதமும் ஆகும். ஆகவே புள்ளி மறைவது குணமடைதலன்று. பகைவன் படை திரட்டச் சென்றிருக்கிறான் என்பதற்கே அடையாளம். குஞ்சுகள் நீரில் நீந்தும் அச்சிறு வேளையே மருந்து தைக்கும் வேளை. அது எப்போதென்று நம் கண்ணுக்குத் தெரியாதாகையால், கடைசிப் புள்ளி மறைந்த பின்னும் ஒரு வாரமேனும் மருத்துவத்தை நிறுத்தலாகாது.

இனி, அவ்விரு தங்கமீன்களுக்குச் செய்யவேண்டியது. முதலில் உணவை இரண்டு நாள் நிறுத்துக. தங்கமீன் அதனால் வாடாது. நாள்தோறும் நாலிலொரு பங்கு நீரை அடியிலுள்ள அழுக்கோடு எடுத்துவிட்டு, அதே சூடுள்ள நீரை விடுக. கிணற்று நீரில் குளோரின் இல்லை. ஆனால் ஆழத்திலிருந்து அள்ளிய நீரில் ஒட்சிசன் குறைவாக இருக்கலாம். தேநீர் ஆற்றுவதுபோல் இரண்டு வாளிகளுக்கிடையே பலமுறை ஆற்றி, சிறிது நேரம் வைத்து ஊற்றினால் போதும். குழாய் நீராயின் அகன்ற பாத்திரத்தில் ஒருநாள் திறந்து வைக்கவேண்டும்.

அடுத்தது உப்பு. லீற்றருக்கு 2 கிராம் என்று கொண்டால் 45 லீற்றருக்கு 90 கிராம். கரண்டிக் கணக்கு வேண்டாம். பலசரக்குக் கடைத் தராசில் நிறுத்து வாங்குக. மூன்று பங்காக்கி, பன்னிரண்டு மணிக்கொருமுறை நீரிற் கரைத்து விடுக. நீர் மாற்றும்போது, எடுத்த நீருக்குரிய உப்பை மட்டும் திரும்பச் சேர்க்கவேண்டும். ஆவியாகக் குறைந்த நீருக்கு உப்பில்லாத நீரே விடவேண்டும், ஏனெனில் உப்பு ஆவியாவதில்லை. இந்த எளிய பொருள் இரண்டு வேலை செய்கிறது: ஒட்டுண்ணியின் குஞ்சுகளை நலிவிக்கிறது, நைத்திரைற்று செவுள் வழியே மீனின் குருதியிற் புகுவதையும் தடுக்கிறது. உப்புப் போட்டால் எந்த நோயும் தீரும் என்று மீன் வளர்ப்போர் சொல்வது முழுதும் உண்மையன்று. ஆனால் அச்சொல் எங்கிருந்து பிறந்தது என்பது இதனால் விளங்கும். களப்பை அடுத்த ஊர்களில் கோடையில் கிணறு உவர்ப்பதுண்டு. நாவில் வைத்து உவர்ப்புத் தெரிந்தால் உப்பின் அளவைக் குறைத்துக்கொள்க.

ஐந்தாறு நாளில் புள்ளி குறையாவிடில், வெண்புள்ளிக்கென்றே விற்கும் மலக்கைற்றுப் பச்சை கலந்த மருந்தைக் குப்பியில் எழுதிய அளவில், நாம் கணக்கிட்ட 45 லீற்றருக்கு இடலாம். வடிகட்டியில் கரியிருந்தால் எடுத்துவிட வேண்டும். அது மருந்தை உறிஞ்சிவிடும். அம்மருந்து மனிதர்க்கும் தீயது. கையுறை வேண்டும், பிள்ளை தொடலாகாது.

நிற்க. நீரைச் சூடாக்கினால் வெண்புள்ளி தீரும் என்று மேல்நாட்டு நூல்கள் எழுதும். 30 பாகை செல்சியசுக்கு மேல் அவ்வொட்டுண்ணி பெருக முடியாது என்பது மெய்யே. ஆயின் கச்சான் காற்று வீசும் மாதங்களில் நம் தொட்டிகள் தாமாகவே அவ்வெப்பத்தை எட்டிவிடுகின்றன. 20 பாகையில் ஒரு லீற்றர் நீர் 9 மில்லிகிராம் ஒட்சிசன் ஏற்கும். 30 பாகையில் ஏழரையே ஏற்கும். செவுள் புண்பட்ட மீனுக்கு அக்குறைவு பெருங்குறைவு. இன்னுமோர் இடர்: வாயிலும் முதுகிலும் சாம்பல் வெண்மையாய்ப் படலம் படரும் நோயொன்றுண்டு. பார்ப்பவர் பங்கசு என்பர்; உண்மையில் அது கொலம்னாரிசு என்னும் பற்றீரியா. சூடேற்றினால் அது ஓரிரு நாளிற் கொன்றுவிடும். ஆகவே புள்ளியா, படலமா என்று கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்த பின்னரே எதையும் செய்க. தனித்தனி மணிகளாயின் வெண்புள்ளி. பொன்தூள் பூசினாற்போல் மின்னினால் வெல்வெட்டு நோய். புண்ணின்மேல் பஞ்சுபோல் எழுந்தால் பங்கசு. செதில்கள் அன்னாசித் தோல்போல் விரிந்து நின்றால் உள்ளுறுப்புப் பழுதாகிவிட்டது. அதற்கு மருத்துவம் பெரும்பாலும் பயன்தருவதில்லை.

பிள்ளையின் பொருட்டு ஒரு வார்த்தை. நீரை இறைக்கக் குழாயை வாயால் உறிஞ்சலாகாது. கையில் கீறலிருந்தால் தொட்டியில் விடலாகாது. மீன்களைப் பற்றும் மைக்கோபற்றீரியம் மரினம் என்னும் கிருமி, 1926இல் அமெரிக்காவின் பிலடெல்பியா மீன்காட்சியகத்து மீன்களில் இனங்காணப்பட்டது. அது மனிதர் தோலில் ஆறாத கட்டிகளை உண்டாக்கும். அத்தகைய கட்டி தோன்றினால், வீட்டில் மீன்தொட்டி உண்டென்பதை வைத்தியரிடம் மறவாமற் சொல்லவேண்டும்.

இறந்த மீனையும் நோய்த்தொட்டி நீரையும் களப்பிலோ வாய்க்காலிலோ விடுவோர் பலர். 1971இல் யப்பானில் முதலில் காணப்பட்ட புண்நோயொன்று நாடு நாடாகப் பரவி 1987இல் இலங்கை வந்தது. விரால் முதலிய நன்னீர் மீன்கள் உடலெங்கும் புண்ணாகி மடிந்தன. அலங்கார மீன் வணிகத்தின் வழியே அது பரவியிருக்கலாம் என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து. மகாவலி கடலிற் கலக்கும் கொட்டியாரக் குடாவைச் சூழ்ந்த களப்புகளை நம்பி எத்தனையோ குடும்பங்கள் வலை வீசுகின்றன. அந்நீருக்குத் தொட்டி நோயைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது தகாது. மீனைக் கிணற்றுக்கு எட்டப் புதைத்து, நீரைத் தென்னையடியில் ஊற்றுக. இச்சிறு உப்பு தென்னையை ஒன்றும் செய்யாது. வலையையும் வாளியையும் நல்ல வெயிலில் காயவைத்தால் வெண்புள்ளியின் கூடுகள் உலர்ந்து மடியும்.

தங்கமீன் பெரிதாய் வளரும் சாதி. அத்தொட்டிக்கு இரண்டே மிகுதி. பிள்ளை மீண்டும் கப்பி கேட்டால், வேறொரு தொட்டியில் ஒரு மாதம் பொறுத்து விடலாம். வாங்கியதும் இரண்டு வாரம் தனிப் பாத்திரத்தில் வைத்துப் பார்த்து, அதன் பின்னரே தொட்டியிற் சேர்க்கவேண்டும்.