பல்லைக் கேட்டால் மனசு தெரியும்!

"பல் விளக்கக்கூட உனக்குச் சோம்பலா?" என்று பெண்களைப் பார்த்துக் கேட்பவர்கள், கேட்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து.

மனச்சோர்வு வந்தவள் எப்போதும் அழுதுகொண்டே இருப்பாள் என்று நினைக்கிறோம். அப்படியில்லை. புருஷனுக்கு டிபன் கட்டுவாள், பிள்ளையை ஸ்கூலுக்கு அனுப்புவாள். தலை வாருவது, பல் விளக்குவது என்று தனக்காகச் செய்யும் வேலைகளுக்குத்தான் தெம்பிருக்காது. சாப்பாட்டுக்குப் பதில் டீயும் பிஸ்கட்டுமாகப் பொழுது போகும். ஈறு வீங்கி ரத்தம் கசியும், சொத்தை விழும். சிலர் கவலையில் தூக்கத்திலேயே பல்லை நறநறவென்று கடிப்பார்கள். காலையில் தாடை வலிக்கும்.

அப்புறம் பல்லே மனசைக் கெடுக்க ஆரம்பிக்கும். வலியில் தூக்கம் போய்விடும். எங்கள் தெருவில் ஒரு அக்கா, முன்பல் இரண்டு கெட்டதிலிருந்து விசேஷ வீடுகளுக்கு வருவதே இல்லை. வந்தாலும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டுதான் பேச்சு. ஊரில் அவருக்குக் கிடைத்த பெயர், 'தலைக்கனம் பிடித்தவள்'!

இன்னொரு விஷயம். மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரைகளில் சில, உதாரணமாக அமிட்ரிப்டிலின், வாயை உலர வைக்கும். எச்சில்தான் பல்லுக்குக் காவல். அது குறைந்தால் சொத்தை சீக்கிரம் வரும். அதற்காக மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது. எழுதிக் கொடுத்த டாக்டரிடம் 'வாய் காயுது'ன்னு சொல்லணும். பல் டாக்டரிடமும் மாத்திரைச் சீட்டைக் காட்டணும். அடிக்கடி ஒரு வாய் தண்ணீர் குடிக்கலாம். மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டால் சொத்தைதான் வளரும்.

பல் கெட்டவர்களுக்கெல்லாம் மனசு சரியில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி, மனச்சோர்வு ஆண்களைவிடப் பெண்களுக்குச் சுமார் 1.5 மடங்கு அதிகம். நாமோ பிள்ளைக்குப் பல் வலித்தால் அன்றைக்கே ஓடுகிறோம். நமக்கென்றால், 'ஸ்கூல் ஃபீஸ் கட்டிட்டுப் பார்க்கலாம்' என்று கிராம்பை வைத்தே மாசக்கணக்கில் கடத்துகிறோம்.

செலவுக்குப் பயப்பட வேண்டாம். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் பல் டாக்டரும் இருக்கிறார், மனநல டாக்டரும் இருக்கிறார். வெளியே போகத் தயக்கமாக இருந்தால், 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் பேசலாம். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

மாமியார்களே, கணவன்மார்களே! வீட்டில் ஒருத்தி திடீரென்று தன்னைக் கவனிப்பதை விட்டுவிட்டால் திட்டாதீங்க. "என்னம்மா, மனசு சரியில்லையா?" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்க. இரண்டு டாக்டரிடமும் கூடவே போய்ட்டு வாங்க.

நான் சொல்றது சரிதானே தோழிகளே?

- ஓர் இல்லத்தரசி, விருதுநகர்.