மலையைச் சுற்றுவோரும் மலைமேல் இருப்போரும்



பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையில் கிரிவலம் போனவர்களுக்கு அடி அண்ணாமலை நினைவிருக்கும். 14 கிலோமீட்டர் பாதையில் கால் கடுக்கத் தொடங்கும் இடம் அது. கார்த்திகை தீபத்தன்று வழிநெடுக மருத்துவ முகாம்கள் இருக்கும், '108' ஆம்புலன்ஸ் வண்டிகள் தயாராக நிற்கும். யாராவது மயங்கி விழுந்தால் நாலு பேர் தாங்கிக்கொள்வார்கள். நல்ல ஏற்பாடு, குறையே சொல்ல மாட்டேன்.

இதே திருவண்ணாமலை மாவட்டத்தில்தான் ஜவ்வாது மலையும் இருக்கிறது. ஜமுனாமரத்தூரைச் சுற்றிச் சிதறிக் கிடக்கும் மலையாளி பழங்குடி ஊர்களில், உடம்புக்கு முடியவில்லை என்றால் முதலில் பஸ் நேரத்தைப் பார்க்க வேண்டும். அப்புறம் அன்றைய கூலியை மறக்க வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் மருந்துக்குக் காசில்லை. போய் வருவதற்குத்தான் காசு. 2023 மே மாதம் வேலூர் மாவட்டத்து அல்லேரி மலையில் பாம்பு கடித்து ஒன்றரை வயதுக் குழந்தை இறந்தது. சாலை இல்லாததால் ஆம்புலன்ஸ் பாதியில் நின்றுவிட, தாய் குழந்தையின் உடலைச் சுமந்துகொண்டு நடந்தார். அந்தக் காட்சியின் படத்தைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியது. பிரஷர், சுகர் மாத்திரை வீடு தேடி வருவது நகரத்து ஆட்களுக்குச் சின்ன விஷயமாகப் படலாம். மாத்திரைக்காக ஒரு நாள் கூலியை விடுகிறவருக்கு அப்படி இல்லை. ஆனால் பிரசவ வலியும் பாம்புக்கடியும் மாதாந்திரப் பட்டியல் பார்த்து வருவதில்லையே. அதற்கு ஊரிலேயே ஒருவர் வேண்டும்.

தர்மபுரி மாவட்டம் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் 1993-இல் டாக்டர் ரெஜி ஜார்ஜும் அவர் மனைவி டாக்டர் லலிதாவும் ஒரு குடிசையில் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார்கள். இன்று அங்கே ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனால் என்னைக் கவர்ந்தது கட்டடம் அல்ல. அந்தப் பள்ளத்தாக்குப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, பிரசவம் பார்க்கவும் நோயைக் கண்டுகொள்ளவும் வைத்தார்களே, அதுதான். வெளியூர் டாக்டர் மாற்றலாகிப் போய்விடுவார். அந்த ஊர்ப் பெண் எங்கே போவார்? எந்த வீட்டில் கர்ப்பிணி, யாருக்கு ரத்தசோகை என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஜவ்வாது மலையிலும் இப்படிப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, பயிற்சியும் நிலையான சம்பளமும் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. சேவை என்று சொல்லிச் சம்பளத்தில் கை வைக்கக் கூடாது.

மலையூர்களில் வேலை பார்க்கும் கிராம செவிலியர்கள் நம் வாசகர்களில் இருப்பீர்கள். மழைக்காலத்தில் கடைசி வீட்டுக்கு எப்படிப் போய்ச் சேருகிறீர்கள் என்று எழுதுங்கள். அடுத்த இதழில் இந்தப் பக்கம் உங்களுக்கு.

அன்புடன்,
ஆசிரியர்