குடமா, கணக்கா?

உத்திரமேரூர் என்றதும் எல்லோரும் குடவோலையைத்தான் பேசுகிறார்கள். குடத்தைவிடக் கணக்கல்லவா பெரிது!

ஊர் 30 குடும்புகளாக, அதாவது 30 வட்டாரங்களாகப் பிரிந்திருந்தது. வட்டாரத்துக்கு ஒருவர். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை எடுக்கச் சொல்வார்கள். ஏரி வாரியம், தோட்ட வாரியம் எல்லாம் இப்படி அமைந்தவையே. பதவி 360 நாள். பராந்தக சோழன் காலத்து விதிகள் இவை. கி.பி. 919, 921-ல் வெட்டிய கல்வெட்டுகள் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இன்றும் இருக்கின்றன.

வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயர் மறுபடி ஓலையில் ஏறாது. அவனுடைய அப்பன், பிள்ளை, மாமன், மருமகன், மைத்துனன் பெயரும் ஏறாது! மைத்துனன் செய்த தவறுக்கு இவன் என்ன செய்வான்? கடுமைதான். ஆனால், "கணக்கைக் கொடு" என்று நெருக்க வீட்டுக்குள்ளேயே நாலு பேர் இருந்திருப்பார்களே!

குறையும் உண்டு. நிலமும் வேதப் படிப்பும் இல்லாதவருக்கு அங்கே ஓலை இல்லை. இன்று அந்தத் தடை இல்லை; உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு.

உத்திரமேரூர் வட்டத்து மானாம்பதியிலும் கிராம சபை உண்டு. ஏரிக்கு எவ்வளவு, தெருவிளக்குக்கு எவ்வளவு என்று அங்கே கேட்கலாம். அதற்கு ஓலை வேண்டாம். ஊர் வாக்காளராக இருந்தால் போதும்.