நீல ஒளி மீது போட்ட பழி

கணினித் திரையிலிருந்து வரும் நீல ஒளிதான் கண்ணைக் களைப்படையச் செய்கிறது, அதைத் தடுக்கும் ‘ப்ளூ கட்’ கண்ணாடியைப் போட்டுக்கொண்டால் கண் தப்பித்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை ஐ.டி. அலுவலகங்களிலிருந்து பள்ளிப் பிள்ளைகள் வரை பரவியிருக்கிறது. பவரே தேவைப்படாத இளைஞர்களும் இதை வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள். இந்த நம்பிக்கை தவறானது. கண் வலிக்கான உண்மைக் காரணத்தைத் தேடவிடாமல் தடுப்பதால் தீங்கானதும்கூட.

நீல ஒளி என்பது ஏறக்குறைய 400 முதல் 500 நானோமீட்டர் வரை அலைநீளம் கொண்ட ஒளி. அது திரையோடு பிறந்த பொருள் அல்ல. மனிதக் கண் பார்க்கும் நீல ஒளியில் பெரும்பங்கு சூரியனிலிருந்தே வருகிறது. நல்ல வெளிச்சமுள்ள அலுவலக அறையின் ஒளியளவு சுமார் 500 லக்ஸ். மேகம் மூடிய நாளிலும் வெளியே அது 10,000 லக்ஸை எட்டும். பிரிட்டனின் பொதுச் சுகாதாரத் துறை ஆய்வாளர்கள் கணினி, டேப்லெட், கைபேசித் திரைகளின் ஒளியை அளந்து 2016இல் முடிவை வெளியிட்டார்கள். விழித்திரைக்கான சர்வதேசப் பாதுகாப்பு வரம்புக்கு நீல வானத்தைப் பார்ப்பதே உட்பட்டுத்தான் இருந்தது. திரைகளின் ஒளி அதைவிடவும் மிகக் குறைவு. வயலிலும் கடலிலும் நாள் முழுவதும் நிற்பவரின் கண்ணுக்குள் போகும் நீல ஒளியின் முன்னால் திரையின் ஒளி ஒரு பொருட்டே இல்லை.

அச்சம் வெறும் கற்பனையில் பிறக்கவில்லை. கடுமையான நீல ஒளியைப் பாய்ச்சினால் விழித்திரை பாதிக்கப்படும் என்பது 1970களிலேயே குரங்குகளிடம் சோதித்து அறியப்பட்டது. ஆனால் அந்த ஒளியின் வலிமை எந்தத் திரையிலும் கிடையாது. 2018இல் அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்று வெளிவந்தபோது, கைபேசி கண்ணைக் குருடாக்குகிறது என்ற பொருள்படச் செய்திகள் உலகைச் சுற்றின. அந்த ஆய்வில் பெரிதும் பயன்பட்டவை கருப்பைவாய்ப் புற்றிலிருந்து வளர்க்கப்பட்ட ஆய்வக உயிரணுக்கள். அவற்றின் மேல் ரெட்டினால் என்ற வேதிப்பொருளைச் சேர்த்து, நீல ஒளியை நேரடியாகப் பாய்ச்சினார்கள். உயிருள்ள மனிதக் கண் அங்கே இல்லை. கைபேசியின் ஒளியும் இல்லை. அமெரிக்கக் கண் மருத்துவர் கழகம் உடனே மறுப்பு வெளியிட்டது. செய்தி ஓடிய தூரம் மறுப்பு ஓடவில்லை.

மக்களை அதிகம் நம்பவைப்பது ஆய்வுக் கட்டுரை அல்ல, கடையில் காட்டப்படும் செய்முறை. விற்பனையாளர் சிறு லேசர் டார்ச் ஒன்றை எடுத்துச் சாதாரண லென்ஸ் வழியே ஓர் அட்டையில் அடிக்கிறார். அட்டையில் நிறப் புள்ளி விழுகிறது. ப்ளூ கட் லென்ஸை நடுவில் பிடித்ததும் புள்ளி மறைகிறது. கண்ணாரக் கண்டபின் யார்தான் சந்தேகப்படுவார்? ஆனால் இத்தகைய டார்ச்சுகள் பொதுவாகத் தருவது 405 நானோமீட்டரை ஒட்டிய ஊதா ஒளி. எல்.இ.டி. திரையின் நீலம் உச்சம் பெறுவது 450 நானோமீட்டரை ஒட்டி. லென்ஸ் தடுத்துக் காட்டும் ஒளி திரையிலிருந்து அநேகமாக வருவதே இல்லை. திரையிலிருந்து வரும் நீலத்தை லென்ஸ் பெரும்பாலும் உள்ளே விட்டுவிடுகிறது. கடைகளில் விற்கும் இவ்வகை லென்ஸ்கள் நீல ஒளியில் ஏறத்தாழ 10 முதல் 25 சதவீதம்தான் குறைக்கின்றன. நீலத்தை முழுவதும் தடுத்தால் லென்ஸ் மஞ்சளாகிவிடும். லென்ஸ் ஏறக்குறைய நிறமற்று இருப்பதே அது நீலத்தை விட்டுவிடுகிறது என்பதற்குச் சாட்சி. வாடிக்கையாளருக்கு இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் செய்முறை காட்டுவது ஏமாற்று.

ஒளி எவ்வளவு குறைகிறது என்பதை விட்டுவிட்டு, வலி குறைகிறதா என்று நேரடியாகக் கேட்டாலும் விடை மாறுவதில்லை. காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 2023இல் வெளியிட்ட தொகுப்பாய்வு ஆறு நாடுகளில் நடந்த 17 சோதனைகளை ஆராய்ந்தது. குறுகிய காலப் பயன்பாட்டில், சாதாரண லென்ஸைவிட நீலத் தடுப்பு லென்ஸ் கண் களைப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை. அந்தக் கண்ணாடி போட்டதும் வலி போனது என்போர் பொய் சொல்லவில்லை. பலருக்கு அந்தக் கண்ணாடியோடு சரியான பவரும் வந்திருக்கிறது. நலம் தந்தது பவர், புகழ் போனது நீலத் தடுப்புப் பூச்சுக்கு.

வலி எங்கிருந்து வருகிறது என்பதை இமையிடம் கேட்க வேண்டும். 1993இல் ஜப்பானிய மருத்துவர்கள் அலுவலக ஊழியர்களிடம் அளந்தபோது, ஓய்வாக இருக்கையில் நிமிடத்துக்கு 22 முறை இமைத்தவர்கள் புத்தகம் படிக்கையில் 10 முறையும் திரையைப் பார்க்கையில் 7 முறையும் மட்டுமே இமைத்தார்கள். கண்ணீர்ப் படலம் ஒவ்வோர் இமைப்பிலும் புதிதாகப் பரவுகிறது. இமை விளிம்பின் சுரப்பிகள் தரும் மெல்லிய எண்ணெய் அதன்மேல் படர்ந்து நீர் ஆவியாகாமல் காக்கிறது. நலமான கண்ணில் இந்தப் படலம் 10 விநாடிக்கு மேல் உடையாமல் நிற்கும். கண் உலர்வு உள்ளவருக்கு 5 விநாடிக்குள்ளேயே உடையலாம். நிமிடத்துக்கு 7 முறை என்றால் இரண்டு இமைப்புகளுக்கு இடையே எட்டு விநாடிக்கு மேல். ஏசி காற்று நேராக முகத்தில் அடித்தால் படலம் இன்னும் விரைவில் உடையும். மணல் விழுந்தது போன்ற உறுத்தலும் எரிச்சலும் மாலையில் மங்கும் எழுத்தும் இதனால்தான். அரைகுறையாக இமைப்பதும் பயன் தராது. இமை முழுவதும் மூடித் திறக்க வேண்டும். புத்தகத்தைத் தாழ்த்திப் பிடித்துப் படிக்கையில் மேலிமை கண்ணைப் பாதி மூடியிருக்கும். உயரத்தில் வைத்த திரையை விழித்துப் பார்க்கையில் கண்பரப்பு அகலத் திறந்து காய்கிறது. ஆகவே திரையின் மேல் விளிம்பு கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு கை நீளத் தொலைவில் இருப்பது நல்லது.

இரண்டாவது காரணம் குவியம். அரை மீட்டர் தொலைவில் பார்க்கக் கண் 2 டயாப்டர் அளவு குவிய வேண்டும்; அதற்காக உள்ளிருக்கும் சிறு தசை சுருங்கியே நிற்கிறது. 6 மீட்டருக்கு அப்பால் பார்க்கும்போதுதான் அது தளரும். சாளரம் வழியே அவ்வப்போது தூரம் பார்ப்பது இதனால் பயன் தருகிறது. 40 வயதை ஒட்டி வெள்ளெழுத்து தொடங்கும்போது இந்தச் சுமை கூடுகிறது. புரோகிரெசிவ் லென்ஸில் கிட்டத்துப் பவர் கீழ்ப்பகுதியில் இருப்பதால், அதை அணிந்து திரையைப் பார்ப்பவர் முகவாயைத் தூக்கி, கழுத்தையும் நோகவைத்துக்கொள்கிறார். திரையின் தொலைவுக்கென்று தனிக் கண்ணாடி செய்துகொள்வதே அவருக்கு ஏற்றது. இளையோரிடம் கவனிக்காமல் விட்ட சிறிய சிலிண்டர் பவரும் திரை முன்னால் தலைவலியாக வெளிப்படும்.

நீல ஒளிக்கு உண்மையான தொடர்பு உள்ள இடம் உறக்கம். விழித்திரையின் சில செல்கள் 480 நானோமீட்டரை ஒட்டிய ஒளியை உணர்ந்து உடலின் கடிகாரத்தை நடத்துகின்றன. அங்கும் அளவை மறக்கக் கூடாது. 2014இல் வெளியான ஆய்வில், படுக்குமுன் நான்கு மணி நேரம் முழு ஒளியில் டேப்லெட்டில் படித்தவர்களுக்கு, அச்சுப் புத்தகம் படித்த நாட்களைவிட உறக்கம் வரச் சுமார் 10 நிமிடம்தான் தாமதமானது. திரையின் ஒளியைக் குறைப்பதோ அணைப்பதோ செலவில்லாத மருந்து.

பிரிட்டனில் இந்த லென்ஸை மிகைப்படுத்தி விளம்பரம் செய்த கண்ணாடிக் கடை நிறுவனத்தின் விளம்பரம் 2015இல் தவறென்று தீர்ப்பானது. 2017இல் கண்ணாடித் துறையின் ஒழுங்குமுறை அமைப்பு அந்த நிறுவனத்துக்கு 40,000 பவுண்டு அபராதம் விதித்தது. அதே வாக்குறுதியோடு லென்ஸ் இங்கே அன்றாடம் விற்கப்படுகிறது. கண் எரிந்தாலோ தலை வலித்தாலோ பூச்சுக்குக் கூடுதலாகக் கேட்கப்படும் பணத்தைக் கடையில் கொடுக்காமல், கண்ணீர்ப் படலத்தையும் பவரையும் முறையாகச் சோதிக்கும் கண் மருத்துவரிடம் போங்கள்.