சிறுமனை புகுமுன்

வீடு கட்டுதல் அரிது என்பர். கட்டி நாற்பது ஆண்டு வாழ்ந்த வீட்டை ஒழித்துக்கொண்டு சிறியதொரு வீட்டிற்குப் பெயர்தல் அதனினும் அரிது என்பதை நம் பழைய மாணவருட் பலர் இன்று அனுபவத்தால் அறிந்து வருகின்றனர். பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் குடியேறிவிட்டனர். நாற்சார் வீட்டின் முற்றத்தைக் கூட்டுதற்கும் ஆளில்லை. கிணற்றடிவரை நடப்பதற்கு முழங்கால் இடந்தருவதில்லை. ஆதலால், பெரிய வீட்டை விற்றோ, உறவினர் பொறுப்பில் விட்டோ, வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீட்டிற்கோ, அதே வளவின் மூலையிற் கட்டிய இரண்டறை வீட்டிற்கோ செல்லும் முதியோரை நம் குடாநாட்டின் எவ்வூரிலும் காணலாம்.

அங்ஙனம் செல்லும்போது எதனைக் கொண்டுசெல்வது, எதனை விடுவது என்னும் வினா எழுகின்றது. இதனைப் பலரும் இட நெருக்கடி பற்றிய வினாவாகவே கருதுகின்றனர். சாய்மனைக் கதிரை வாயிலுக்குள் நுழையுமா, பெட்டகத்தை மாடிக்கு ஏற்றலாமா என்பனவே பேச்சாகின்றன. நாமோ இது முறைமை பற்றிய வினா என்று கருதுகின்றோம். எப்பொருள் யாருக்கு உரியது என்பதை அறிந்து, அதனை உரியவர் கையிற் சேர்ப்பித்தலே ஒரு வீட்டுத் தலைவனும் தலைவியும் அவ்வீட்டிற்குச் செய்யும் கடைசிக் கடமையாகும்.

வீடுவிட்டு நீங்குதல் நமக்குப் புதியதன்று. 1990 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் சில மணி நேரத்துள் வெளியேற்றப்பட்டனர். தலைமுறை தலைமுறையாகச் சேர்த்தவற்றை விட்டுச் சென்றனர். 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆந் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சி நோக்கி நடந்தனர். கைக்கு எட்டியதே அன்று கொண்டுசெல்லும் பொருளாயிற்று. ஆராய்ந்து தெரிவதற்கு அவகாசம் எவர்க்கும் இருக்கவில்லை. இன்று தம் விருப்பின்படி வீடு மாறுவோருக்கு அந்த அவகாசம் உண்டு. அது வாய்த்திருக்கும்போது, "பின்னர்ப் பிள்ளைகள் வந்து பார்த்துக்கொள்வார்கள்" என்று வாளாவிருத்தல் தகுமா? பிள்ளைகள் இரண்டு வார விடுமுறையில் வருவர். அவ்விரண்டு வாரத்துள் ஐம்பது ஆண்டின் பொருளைப் பிரித்தறிதல் யாராலும் இயலாது.

பெரும்பாலான வீடுகளில் நிகழ்வதைச் சிறிது நோக்குவோம். முதலிற் பித்தளைப் பாத்திரங்கள் கவனிக்கப்படுகின்றன. அண்டா, கிடாரம், தாம்பாளம், மூக்குப்பேணி, குத்துவிளக்கு ஆகியவற்றிற்கு விலை உண்டு. வாங்குவோர் படலையடிக்கே வருவர். அடுத்து முதிரைப் பெட்டகமும் அலுமாரியும் கதிரைகளும் கைமாறுகின்றன. தமிழ்நாட்டிற் செட்டிநாட்டுப் பெருவீடுகள் கலைந்தபோது அவற்றின் பாத்திரங்களும் தூண்களும் கதவுகளும் காரைக்குடிக் கடைகளிற் குவிந்தமையை நாம் அறிவோம். விலையுள்ள பொருள் எங்ஙனமாயினும் எவர் வீட்டிலேனும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் பரணிற் கிடக்கும் ட்றங்குப் பெட்டியை ஒருவரும் திறப்பதில்லை. அதனுள்ளே பாட்டனாரின் ஏட்டுக்கட்டு, பழைய கடிதங்கள், பெயர் எழுதாத புகைப்படங்கள், பாடசாலைச் சஞ்சிகைகள், கறையான் ஓரமரித்த வாரப் பத்திரிகைகள் ஆகியன இருக்கின்றன. வீடு ஒழிக்கும் கடைசி நாளில், சருகோடு சருகாக அவை வளவின் மூலையில் எரிக்கப்படுகின்றன. எடைக்கு விற்கப்படுமாயின் அதுவும் அவற்றின் நற்பேறே. பித்தளையைப் பேணிக் கடதாசியைக் கொளுத்தும் இவ்வழக்கமே மாறவேண்டும் என்பது நம் கருத்து.

இதற்கு நம் முன்னோர் வைத்த பாகுபாடு ஒன்று துணைசெய்யும். ஒல்லாந்தர் ஆட்சியில் கிளாஸ் ஐசாக்ஸ் என்பவராற் தொகுக்கப்பெற்று, பன்னிரு தமிழ் முதலிமாரின் ஆராய்வுக்குட்பட்டு, 1707 ஆம் ஆண்டிற் சட்டமாகிய தேசவழமை ஆதனத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என வகுத்துக் கூறுகின்றது. சட்ட நுணுக்கங்களை நியாயவாதிகளுக்கு விட்டு, அம்மூன்று சொற்களையும் வீட்டுப் பொருள்களைப் பிரிக்கும் மூன்று கூடைகளாக நாம் கொள்ளலாம்.

முதுசம் என்பது முன்னோர்வழி வந்தது. அது நம் கையில் தங்கிச் செல்வது. பாட்டியாரின் குத்துவிளக்கை விற்றுப் பணமாக்குதல் முறையன்று. கால்வழியில் விரும்புவோர் ஒருவருக்கு, அல்லது வழிபடு கோயிலுக்கு, அது சென்றடைதல் வேண்டும். சீதனம் என்பது மனைவியோடு வந்தது. அதனைக் கொடுப்பதும் வைப்பதும் வீட்டு அம்மையாரின் விருப்பம். கணவர் தாமாக முடிவுசெய்து அம்மையாரின் பெட்டகத்தையும் தாம்பாளத்தையும் விலைபேசும் வழக்கம் சில வீடுகளில் உண்டு; அது நீங்குதல் நன்று. தேடியதேட்டம் என்பது இருவரும் வாழ்ந்து தேடியது. வானொலிப் பெட்டி, தையல் இயந்திரம், கோப்பை பீங்கான், மேசை நாற்காலி ஆகிய இவற்றையே தயக்கமின்றிக் கொடுத்தல் கூடும். அயலிலே புதிதாகக் குடித்தனம் தொடங்கும் தம்பதியருக்கு நல்ல தையல் இயந்திரம் ஒன்று பேருதவி. இரண்டறை வீட்டின் மூலையில் அதுவே பெருஞ்சுமை.

இம்மூன்றிலும் அடங்காத நான்காம் வகை ஒன்று உண்டு. அதுவே ஏடும் எழுத்தும் படமும். காணி உறுதிகளையும் பிறப்பு, விவாகப் பத்திரங்களையும் கூடவே கொண்டுசெல்லல் வேண்டும் என்பதை எவரும் அறிவர். எஞ்சியவற்றை வீட்டுக்கு மட்டும் உரியன என்று நாம் கருதவில்லை. ஊருக்கும் அவற்றிற் பங்குண்டு. ஒருவர் மறைந்து முப்பத்தோராம் நாளில் அச்சிட்டு வழங்கும் கல்வெட்டைப் பலர் வாசித்தவுடன் ஒதுக்கிவிடுகின்றனர். அதன் பக்கங்களில் ஒரு குடும்பத்தின் வமிசாவழி, ஊர்ப்பெயர், தொழில், கொண்டான் கொடுத்தான் உறவு யாவும் அடங்கியிருக்கின்றன. 1930 முதல் 1958 வரை வெளிவந்த ஈழகேசரியின் சில இதழ்கள் ஒரு பெட்டியின் அடியிற் கிடக்கலாம். வைத்தியம் பார்த்த பரம்பரையில் வாகட ஏடு இருக்கலாம். நம் கல்லூரிச் சஞ்சிகையின் இதழ் ஒன்று நூலகத் தொகுதியிற் குறைவுபடுமாயின், அக்குறையை நிரப்ப வல்லது ஏதோ ஒரு பழைய மாணவரின் ட்றங்குப் பெட்டியேயாகும்.

இதனை நாம் இவ்வளவு அழுத்திக் கூறுவதற்குக் காரணம் உண்டு. சென்ற நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டிலே, சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் வீடுவீடாகக் கிடந்த ஏடுகளைத் தேடிப் பெற்று ஒப்புநோக்கி, 1887 ஆம் ஆண்டிற் கலித்தொகையை அச்சேற்றினார்கள். உ. வே. சாமிநாதையர் அவர்கள் ஊர்தோறும் அலைந்து தேடியபோது, ஆற்று வெள்ளத்தில் விடப்பட்ட ஏடுகளையும் தீயில் இடப்பட்ட ஏடுகளையும் பற்றிக் கேட்டு வருந்தினார்கள். அவ்வேடுகளை அழித்தோர் பகைவரல்லர். அவை இன்னவென அறியாத வீட்டாரும் பாதுகாவலருமே.

நம் பொது நூலகத்தின் கதையோ வேறு. 1933 ஆம் ஆண்டளவில் கே. எம். செல்லப்பா அவர்கள் தம் இல்லத்தில் நூல்களைத் திரட்டத் தொடங்கிய முயற்சியே வளர்ந்து, 1959 இல் திறக்கப்பெற்ற அழகிய மாளிகையாயிற்று. 1981 ஆம் ஆண்டு மே மாத இறுதியிலும் யூன் முதலாந் திகதியிலும் மூண்ட தீயில், ஏறத்தாழ 97,000 நூல்களும் அவற்றோடு ஏடுகளும் சாம்பராயின. கட்டிடம் பின்னர் மீளக் கட்டப்பட்டது. புதிய நூல்களும் வந்தன. ஆயினும், ஒரேயொரு பிரதியாய் இருந்தவற்றை எப்பணத்தாலும் வாங்க முடியாது. அவற்றின் மறுபிரதி எங்கேனும் இருக்குமாயின் அது யாரேனும் ஒருவரின் வீட்டிலேதான் இருக்கும். அவ்வீட்டை நாமே ஒழிக்கும்போது அப்பிரதியையும் கொளுத்துவோமாயின், அன்று மூண்ட தீக்கு எஞ்சியதை இன்று நாமே ஊட்டியவராவோம்.

ஒருவர் வீட்டுச் சேர்க்கை நாட்டின் செல்வமாதல் கூடும் என்பதற்குச் சான்றும் உண்டு. செட்டிநாட்டுக் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா என்பவர் தம் இல்லத்தில் நூல்களையும் பத்திரிகைகளையும் அழைப்பிதழ்களையும் துண்டுப் பிரசுரங்களையுங்கூடச் சேர்த்து வைத்தார். அவர் 1992 இல் மறைந்தபின் சிக்காக்கோப் பல்கலைக்கழகம் அச்சேர்க்கையை விலைக்குப் பெற்றது. அதனை அடித்தளமாகக் கொண்டு 1994 இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. நம்மவரிடையே 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலகம் நூல்கள், பத்திரிகைகள், பாடசாலை மலர்கள், நினைவு மலர்கள் ஆகியவற்றைப் படியெடுத்து உலகெங்கும் உள்ளோர் வாசிக்குமாறு வழங்கி வருகின்றது. ஆகவே, கொடுக்க இடமில்லை என்று இனி ஒருவரும் கூறுதற்கில்லை.

இதற்கு மறுப்புச் சில எழலாம். குடும்பக் கடிதங்களைப் பிறர் பார்ப்பது தகுமா என்பது ஒன்று. தகாதன சில உண்டு என்பதை நாமும் ஒப்புகின்றோம். அவற்றை எழுதியவரோ பெற்றவரோ தம் கையால் அழித்தல் அவர்தம் உரிமை. இதனாலேயே இவ்வேலையை உயிரோடும் தெளிவோடும் இருக்கும்போது தாமே செய்தல் வேண்டும் என்கின்றோம். பின்வருவோர் ஒன்றில் எல்லாவற்றையும் எரிப்பர், அன்றேல் எல்லாவற்றையும் பிறர்க்குக் காட்டுவர். எல்லாக் கடதாசியையும் காப்பதாயின் நூலகங்களும் குப்பைமேடாகுமே என்பது மற்றொன்று. உண்மையே. எங்கும் கிடைக்கும் பாடநூலும் சென்ற ஆண்டின் நாட்காட்டியும் யாருக்கும் வேண்டா. பெட்டியோடு கொண்டுபோய் நூலகத்து வாயிலில் இறக்காது, இன்னின்ன உள்ளன என்று ஒரு பட்டியல் எழுதி அனுப்பி, வேண்டியவற்றை மட்டும் கொடுத்தலே நாகரிகம்.

சுவீடன் நாட்டினர் இறப்பதற்கு முன் வீட்டைத் துப்புரவாக்குவதற்கெனத் தனிச்சொல்லே வைத்திருக்கின்றனர். மார்கரெட்டா மக்னூசன் என்னும் மூதாட்டியார் 2017 இல் வெளியிட்ட நூலால் அது உலகறிந்த சொல்லாயிற்று. பிள்ளைகளுக்குச் சுமை வையாதிருத்தலே அவ்வழக்கத்தின் நோக்கம். நல்ல நோக்கமே, வானப்பிரத்தம் என்னும் நிலையை வகுத்த நம் மரபுக்கும் அது அயலன்று. ஆயினும், ஒருமுறை எல்லாவற்றையும் இழந்து எழுந்த நாட்டவராகிய நமக்குச் சுமை குறைத்தல் மட்டும் போதாது. குறைக்குமுன் அது யாது எனக் கேட்டல் வேண்டும்.

செய்யும் முறை எளிதே. வீடு மாறும் நாளுக்கு மூன்று மாதம் முன்னரே தொடங்குக. அடுக்களையில் தொடங்காது பரணில் தொடங்குக. புகைப்படம் ஒவ்வொன்றின் பின்புறத்திலும் பென்சிலால் மெல்ல, படத்தில் உள்ளோர் பெயர், இடம், ஆண்டு ஆகியவற்றை எழுதுக. அப்பெயர்களை அறிந்தவர் அவ்வீட்டு முதியவர் ஒருவரே. அவர் சென்றபின் அப்படத்தில் நிற்போர் யாவரும் ஊர்பேர் அறியாதவராவர். பிள்ளைகளுக்குப் பொருள்களின் படத்தைக் கைத்தொலைபேசியில் அனுப்பி, வேண்டியதைக் குறித்த நாளுக்குள் கூறுமாறு கேட்க. அவர்கள் வேண்டாம் என்றால் வருந்தற்க. அவர்களும் சிறுமனைகளிலேயே வாழ்கின்றனர். வாசிக்க இயலாத ஏட்டுக்குத் தாமே எண்ணெய் பூசவும் கழுவவும் முற்படாது, அறிந்தவரிடம் காட்டுக.

இம்மலரை வாசிக்கும் மாணவருக்கும் இதிற் பங்குண்டு. ஒரு சனிக்கிழமை பிற்பகல் பாட்டனாரின் அருகிலிருந்து அவர் சொல்லச் சொல்லப் படங்களின் பின்னே பெயர் எழுதும் மாணவன் செய்யும் பணி, எந்தப் பரீட்சையிலும் புள்ளி பெறாததாயினும் சரித்திரப் பணியே. ஆசிரியர்கள், ஏட்டெழுத்தை வாசிக்கும் பயிற்சியைச் சில மாணவருக்கேனும் அளித்தல் கூடும். பழைய மாணவர் சங்கம், கல்லூரி நூலகத்தில் ஓர் அலுமாரியை இதற்கென ஒதுக்கி, கொடுத்தார் பெயரோடு பட்டியல் பேணுதல் இயலாத காரியமன்று. யூபிலி ஆண்டிற் கட்டிடத்துக்குக் கல் நாட்டுவது போல இதனையும் ஒரு நாட்டுதலாகக் கொள்ளலாம்.

பெரிய வீட்டில் வாழ்ந்தவர் சிறிய வீட்டிற் படுக்கையும், விளக்கும், சில நூல்களும், உறுதிப் பெட்டியும் கொண்டு மனநிறைவோடு வாழலாம். வாழ்ந்து காட்டியோர் நம்மிடையே பலர். அவர் விட்டுச்சென்ற பித்தளை யாரேனும் ஒருவரின் அடுக்களையில் பளபளத்துக்கொண்டிருக்கும். அவரைப் பெற்றவர் யார், அவர் எந்த ஊரார், யாரிடம் கற்றார், எதற்காக உழைத்தார் என்பதைச் சொல்ல வல்லதோ பரணிலிருக்கும் அப்பெட்டி ஒன்றே. அதனை இவ்வாரமே இறக்குக.